கோர்ட்லிஸனர்: பையர் போட்ட வழக்கை மேல்விஷாரத்தில் உட்கார்ந்து படிக்கலாம்

கோர்ட்லிஸனர் என்பது அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளின் தீர்ப்புகளையும் வழக்கு ஆவணங்களையும் இலவசமாகத் தேடிப் படிக்க உதவும் இணையதளம். கலிபோர்னியாவில் ஃப்ரீ லா புராஜெக்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு இதை நடத்துகிறது. வக்கீல்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் என்று செய்தது. நான் இதில் எந்த வகையும் இல்லை. மேல்விஷாரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், சென்னை ஏஜெண்டோடு போனில் தினசரி வாக்குவாதம், இதுதான் என் உத்தியோகம். போன வருஷத்திலிருந்து இந்தத் தளமும் அதில் சேர்ந்துவிட்டது. காலையில் சத்துவாச்சாரியில் பஸ் ஏறும்போது போனில் திறந்தால், மேல்விஷாரத்தில் இறங்குவதற்குள் அன்றைய அலர்ட்டுகளைப் பார்த்து முடித்துவிடலாம்.

காரணம், இந்தியச் சரக்கு மேல் டிரம்ப் போட்ட இறக்குமதி வரிதான். ராணிப்பேட்டையில் தொடங்கி ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வரை தோலை நம்பிப் பிழைக்கிற ஊர்களில் 2025 ஆகஸ்ட் மாதத்தை அவ்வளவு சீக்கிரம் யாரும் மறக்கமாட்டார்கள். 7ஆம் தேதி 25 சதவீதம். 27ஆம் தேதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இன்னொரு 25. ஆண்களுக்கான தோல் ஷூவுக்கு அதுவரை பெரும்பாலும் 8.5 சதவீதம்தான் வரி. அமெரிக்காவில் சுங்கவரி எஃப்.ஓ.பி. விலையின் மேல், அதாவது இங்கே கப்பலில் ஏற்றுகிறவரைக்குமான விலையின் மேல், கணக்காகும். அதாவது 30 டாலர் ஜோடிக்கு இரண்டரை டாலர் சொச்சம் கட்டிக்கொண்டிருந்த பையர் (எங்களிடம் வாங்குகிற அமெரிக்கக் கம்பெனி), அதற்கு மேல் 15 டாலர் கட்டவேண்டும். சும்மா இருப்பாரா? மெயில் வந்தது. ரொம்ப மரியாதையான மெயில். சுமையை இரண்டு பேரும் பகிர்ந்துகொள்ளலாமே என்று கேட்டிருந்தார்கள். 10 சதவீதம் குறைத்தோம். 30 டாலர் 27 ஆனது. எங்கள் லாபம் முழுக்க அந்த 3 டாலருக்குள்தான் இருந்தது. அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிற பெண்களின் ஓவர்டைமும் அதில்தான் இருந்தது.

வரி விஷயமாக அமெரிக்காவில் வழக்கு நடக்கிறது என்பது எங்களுக்கு மே மாதமே தெரியும். தெரிந்த விதம்தான் சரியில்லை. மே 28ஆம் தேதி நியூயார்க்கில் இருக்கிற கோர்ட் ஆஃப் இன்டர்நேஷனல் ட்ரேட் தீர்ப்பு சொல்லிவிட்டது. நமக்கு அது 29ஆம் தேதி காலை. டீக்கடை டிவியில் 'டிரம்ப் வரி ரத்து' என்று ஓடுகிறது. ஆபீஸுக்குப் போனால் மெர்ச்சண்டைசிங் பெண், "அண்ணா, இனிமே பையர் வெலையப் பத்திப் பேசமாட்டாங்க இல்ல?" என்று சிரிக்கிறாள். மறுநாள் பொழுது விடிவதற்குள் அப்பீல் கோர்ட் அந்த உத்தரவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டது. ரத்து என்று பெரிய எழுத்தில் போட்ட சேனல்கள், நிறுத்தி வைத்ததைக் கீழே ஓடுகிற பட்டையில் போட்டன. எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அந்தப் பட்டைதான் செய்தி. அன்றைக்கு யாராவது ரத்தை நம்பிப் பழைய விலைக்கு ஆர்டர் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போதுதான் கோர்ட்டு என்ன எழுதியது என்று நேராகப் பார்க்க வழி தேடினேன்.

முறையான வழி பேசர் என்ற அரசுத் தளம். ஃபெடரல் மாவட்டக் கோர்ட்டுகள், திவால் கோர்ட்டுகள், அப்பீல் கோர்ட்டுகள் எல்லாவற்றின் ஆவணங்களும் அதில் உண்டு. ஆனால் காசு. பக்கத்துக்கு 10 சென்ட், நம் கணக்கில் ஏறத்தாழ 9 ரூபாய். ஒரு ஆவணம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் 3 டாலருக்கு மேல் போகாது. மூன்று மாதத்தில் மொத்தம் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. தீர்ப்புகளும் இலவசம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடினாலே, தேடல் முடிவு வருகிற பக்கத்துக்கும் காசு. ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கும் காசு வாங்குகிற கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அமெரிக்காக்காரர்களுக்கே இதில் கடுப்பு. மூன்று லாப நோக்கமில்லாத அமைப்புகள் 2016இல், நடத்துகிற செலவுக்கு மேல் வசூல் செய்கிறார்கள் என்று அரசு மேலேயே வழக்குப் போட்டு, கடைசியில் 2024இல் 12.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. கோர்ட்டு ஆவணத்தைப் படிக்க வாங்கிய காசைத் திருப்பிக் கேட்டு அதே கோர்ட்டில் வழக்கு.

கோர்ட்லிஸனர் இந்தச் சுவரில் ஓட்டை போடுகிற விதம் கெட்டிக்காரத்தனமானது. ரீகேப் என்று ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. முதலில் 2009இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது. அதைப் போட்டுக்கொண்ட யாரோ ஒரு வக்கீல் எங்கோ உட்கார்ந்து பேசரில் காசு கொடுத்து ஒரு மனுவை எடுத்தால், அதன் ஒரு நகல் தானாகவே கோர்ட்லிஸனரில் சேர்ந்துவிடும். அடுத்தவருக்கு இலவசம். இவையெல்லாம் பொது ஆவணங்கள் என்பதால் இதில் திருட்டு எதுவும் இல்லை. இதற்கு ஒரு வருஷம் முன்னால், 2008இல், ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர் நூலகத்தில் கொடுத்த இலவச அனுமதியை வைத்துச் சுமார் 2 கோடிப் பக்கங்களைப் பேசரிலிருந்து இறக்கி, எஃப்.பி.ஐ. விசாரணை வரை போய், குற்றம் எதுவும் சாட்டப்படாமல் முடிந்த கதையும் உண்டு. அமெரிக்காவில் பொது ஆவணத்துக்காக இவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

பயன்படுத்துவது இப்படி. ஒரு பெட்டி. அதில் கட்சிக்காரர் பெயரோ வழக்கு எண்ணோ போட்டால் டாக்கெட் வரும். டாக்கெட் என்றால் அந்த வழக்கின் நாட்குறிப்பு: எந்தத் தேதியில் யார் எதைத் தாக்கல் செய்தார்கள், நீதிபதி என்ன உத்தரவு போட்டார் என்று வரிசையாக எண் போட்டு இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பட்டன். யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் இறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் பேசரில் வாங்கிக்கொள் என்று காட்டும். முக்கியமான வழக்குகளில் அநேகமாக எல்லாமே இறக்கிக்கொள்ளக் கிடைக்கிறது. யாரும் கவனிக்காத வழக்கில் வாங்கிக்கொள் பட்டன்கள்தான் வரிசையாக நிற்கும்.

இங்கே நம் இ-கோர்ட்ஸ் தளத்தையும் சொல்லவேண்டும். குடியாத்தம் கோர்ட்டில் எங்கள் குடும்பத்துப் பங்காளி வழக்கு ஒன்று ஓடுகிறது, அதனால் அந்த வழக்கின் அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். நம்பர் எனக்கு மனப்பாடம். நம் தளம் முழுக்க இலவசம். அடுத்த வாய்தா எப்போது என்று தெரியும், உத்தரவைப் படிக்கலாம். அந்த விதத்தில் பேசரைவிட நாம் எவ்வளவோ மேல். ஆனால் எதிராளி தன் மனுவில் என்ன எழுதினான், எந்தக் காகிதத்தை இணைத்தான் என்பது வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவருக்கு அதில் தெரியாது. நகல் மனு போட்டு, காரணம் சொல்லி, கோர்ட்டு ஒத்துக்கொண்டால்தான். அமெரிக்காவில் மனுவே பொது ஆவணம். சீல் வைத்தது தவிர மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எனக்கு இந்தத் தளத்தின் மொத்தப் பயனும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் படித்தது, அந்த மே மாதத் தீர்ப்பு வந்த வி.ஓ.எஸ். செலக்ஷன்ஸ் வழக்கு. பெரிய கம்பெனி யாரோ டிரம்ப்பை எதிர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தால், வி.ஓ.எஸ். என்பது நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்கிற சின்ன வியாபாரம். கூட நின்றவர்கள் மீன்பிடிச் சாமான் விற்கிறவர், பெண்களுக்கு சைக்கிள் உடுப்பு விற்கிறவர், பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக் கிட் செய்கிறவர், பிளாஸ்டிக் குழாய் வியாபாரி. 2025 ஏப்ரலில் போட்ட மனு. ஆங்கிலம் கஷ்டமாக இல்லை. எந்தப் பொருள் எந்த நாட்டிலிருந்து வருகிறது, வரி ஏறினால் எந்தச் சரக்கை நிறுத்தவேண்டி வரும் என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறார்கள். வாணியம்பாடியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பன்னிரண்டு மாநிலங்கள் ஆரகன் தலைமையில் போட்ட இன்னொரு வழக்கையும் சேர்த்து மூன்று நீதிபதிகள் விசாரித்து, ஒருமனதாகத் தீர்ப்பு. மூவரும் மூன்று வேறு ஜனாதிபதிகள் நியமித்தவர்கள், ஒருவர் டிரம்ப்பே நியமித்தவர்.

கேள்வி ஒன்றுதான். 1977இல் வந்த அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம், ஐ.ஈ.ஈ.பி.ஏ. என்பார்கள், இறக்குமதியை 'ஒழுங்குபடுத்த' ஜனாதிபதிக்கு அதிகாரம் தருகிறது. ஒழுங்குபடுத்துவது என்றால் வரி போடுவதும் அதில் அடங்குமா? அமெரிக்க அரசியல் சட்டத்தில் வரி போடுகிற அதிகாரம் காங்கிரஸுக்கு. ஆகஸ்ட் 29ஆம் தேதி வாஷிங்டனில் இருக்கிற ஃபெடரல் சர்க்கியூட் அப்பீல் கோர்ட்டும் 7க்கு 4 என்று கீழ்க்கோர்ட்டின் பக்கமே நின்றது. எங்களுக்கு 50 சதவீதம் அமலாகி இரண்டே நாள். ஆனாலும் உச்ச நீதிமன்றம் பார்க்கும்வரை வரி தொடரலாம் என்று அவகாசம் கொடுத்துவிட்டார்கள்.

மனுவைப் படித்ததில் தெரிந்த ஒரு விஷயத்தை எந்தச் செய்தியிலும் நான் பார்க்கவில்லை. ரஷ்ய எண்ணெய்க்காக இந்தியா மேல் போட்ட இரண்டாவது 25 சதவீதம் இந்த வழக்கில் இல்லவே இல்லை. வழக்கு ஏப்ரலில் போட்டது, அந்த உத்தரவு ஆகஸ்ட் 6இல் வந்தது. அதே சட்டத்தின் கீழ் வந்ததால், அஸ்திவாரம் போனால் அதுவும் சேர்ந்து போகும், அவ்வளவுதான். இதை எங்கள் முதலாளி பாயிடம் விளக்கிச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப நமக்காக யாரும் கேஸு போடலியா?" இல்லை. நாம் அந்தக் கோர்ட்டில் கட்சிக்காரரே இல்லை. வரி கட்டுகிறவர் பையர்.

நவம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்ற விசாரணை நம் நேரம் இரவு எட்டரைக்குத் தொடங்கியது. நேரடி ஒலிபரப்பு உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தளத்தில் வந்தது, கோர்ட்லிஸனரில் அல்ல. கொரோனா காலத்தில் 2020 மே மாதம் ஆரம்பித்த பழக்கம். படம் கிடையாது, குரல் மட்டும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போனது. சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் இயர்போன் மாட்டிக் கேட்டேன். கம்பெனிகள் சார்பில் வாதாடியவர் நீல் கத்யால், இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அரசு வக்கீல் ஜான் சாவர் தொண்டை கட்டின குரலில் வேகமாகப் பேசுவார், எனக்குப் பாதி புரியவில்லை. அன்றைக்கே எழுத்து வடிவமும் போட்டுவிடுகிறார்கள், மறுநாள் அதை வைத்துச் சரிபார்த்துக்கொண்டேன். நீதிபதி ஏமி கோனி பாரெட், கட்டின வரியைத் திருப்பித் தருவதென்றால் அது பெரிய குழப்பமாகிவிடாதா என்கிற மாதிரி கேட்டார். அந்த இடத்தில் மாடியில் நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். திருப்பித் தருவதா? யாருக்கு?

இங்கேதான் மேலே சொன்ன வித்தியாசத்துக்கு வருகிறேன். வரி திரும்ப வந்தால் அது இம்போர்ட்டர் ஆஃப் ரெக்கார்டுக்குத்தான் வரும். சுங்கத்தில் யார் பெயரில் சரக்கு எழுதப்பட்டதோ அவர். எஃப்.ஓ.பி.யில் விற்கிற எங்களுக்கு அதில் பெயரே கிடையாது. எங்கள் கணக்கைப் பாருங்கள். 27 டாலருக்குக் குறைத்த ஜோடிக்கு பையர் கட்டிய கூடுதல் வரி 13.50. நாளைக்கு அது திரும்பி வந்தால் 13.50 முழுக்க அவருக்கு. நாங்கள் விட்டுக்கொடுத்த 3 டாலர் அமெரிக்கச் சுங்க ஆவணம் எதிலும் இல்லை, ஏனென்றால் இன்வாய்ஸிலேயே 27 என்றுதான் போட்டோம். போட்டவன் நான்தான், சொன்னபடி போட்டேன்.

நவம்பர் கடைசியில் காஸ்ட்கோ என்ற பெரிய அமெரிக்கக் கடைக் கம்பெனி தன் வரியைத் திருப்பிக் கேட்டு நியூயார்க் கோர்ட்டில் வழக்குப் போட்டது எல்லாப் பேப்பரிலும் வந்தது. காஸ்ட்கோ போட்டால் நம் பையரும் போட்டிருக்கலாமே என்று தேடினேன். இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிராண்டு பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. ஷூ பெட்டி மேல் அச்சடிக்கிற பெயர் வேறு, சரக்கை இறக்குகிற கம்பெனியின் பெயர் வேறு. கப்பல் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் கன்சைனி (சரக்கைப் பெறுகிறவர்) என்று இருக்கிற பெயரை எழுத்துப் பிசகாமல் போடவேண்டும். எல்.எல்.சி.யா இன்க்கா என்பது உட்பட. அப்படிப் போட்டால் வந்தது. அமெரிக்க அரசு மேலும் சுங்கத் துறை மேலும், டிசம்பர் முதல் வாரத்தில். மனுவை இறக்கிக்கொள்ளவும் முடிந்தது, யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே வாங்கியிருந்தார்.

பத்துப் பன்னிரண்டு பக்கம். இந்த வழக்குகளுக்கு எல்லா வக்கீல்களும் ஏறக்குறைய ஒரே அச்சில் எழுதுகிறார்கள் என்பது இரண்டு மூன்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். வரியின் சுமை முழுவதையும் தாங்களே தாங்கியதாக ஒரு பத்தியில் இருந்தது. அதற்கு மஞ்சள் கோடு போட்டுப் பிரிண்ட் எடுத்து பாய் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாகப் படித்தார். "இன்னாப்பா இது, நம்ம காசுக்கும் சேத்து இவன் கேக்குறானா?"

அதற்குப் பிறகு நடந்த பேச்சில் எங்கள் கை கொஞ்சம் ஓங்கியது. உங்கள் வழக்கு எண் இது, அதில் இந்தப் பத்தியில் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள், எங்கள் தள்ளுபடியைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று மெயில் போட்டோம். சண்டை தொனி வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார், பதினைந்து வருஷ வாடிக்கை. பதில் வர நாளானது. வந்த பதிலில் புது ஆர்டர்களுக்குத் தள்ளுபடி பாதியாகக் குறைந்தது. பழைய சரக்குக்கு, பணம் கையில் வந்தால் பேசலாம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். பெரிய வெற்றி இல்லை. ஆனால் அந்த மனு கையில் இல்லாவிட்டால் இதுவும் கிடையாது. இப்போது ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: வரிக்காகக் கொடுக்கிற தள்ளுபடி, வரி திரும்பக் கிடைத்தால் அதே விகிதத்தில் எங்களுக்குத் திரும்பவேண்டும். டி.டி.பி. முறையில் தாங்களே இம்போர்ட்டராக நின்று விற்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் பெயரிலேயே ரீஃபண்ட் வரும். அவர்கள் உடனே ஒரு கஸ்டம்ஸ் வக்கீலைப் பார்க்கட்டும், இந்தக் கட்டுரையை அல்ல.

2026 பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை இரவு தீர்ப்பு வந்தது. 6க்கு 3. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதியது. அந்தச் சட்டம் வரி போட அதிகாரம் தரவில்லை. எதிர்த்தவர்கள் தாமஸ், அலிட்டோ, கவனா. கூடவே விசாரித்த லேர்னிங் ரிசோர்சஸ் என்ற பொம்மைக் கம்பெனியின் வழக்கு, தப்பான கோர்ட்டில் போட்டதால் தள்ளுபடியானது. சட்டக் கேள்வியில் ஜெயித்த பக்கம்தான், ஆனால் வரி விவகாரத்துக்கு நியூயார்க் கோர்ட்டுக்குத்தான் போயிருக்கவேண்டுமாம். தீர்ப்பு நீளமானது. முழுவதையும் படிக்க அவசியமில்லை, முதல் சில பக்கங்களில் சிலபஸ் என்ற சுருக்கம் இருக்கிறது. அது தீர்ப்பின் பகுதி இல்லை என்று அவர்களே அடிக்குறிப்பு போட்டாலும், என் போன்றவனுக்கு அது போதும். நான் தேடியது ரீஃபண்டை. பெரும்பான்மைத் தீர்ப்பில் பணத்தைத் திருப்பித் தருவது எப்படி என்று ஒன்றும் இல்லை. எதிர்த்து எழுதிய கவனாதான் அது குழப்பமாகும் என்று சொல்கிறார். அன்றைக்கே வெள்ளை மாளிகை வேறொரு சட்டத்தின் 122ஆம் பிரிவில் எல்லா நாட்டுக்கும் 10 சதவீதம் போட்டது, 150 நாளைக்கு. சரி, மறுபடி மெயில் வரும் என்று பாயிடம் அப்போதே சொன்னேன்.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும். முதல் குறை, டாக்கெட் எப்போதும் முழுசாக இருக்காது. பெரும்பாலும் யாராவது பேசரில் பார்த்தால்தான் இங்கே புதுசாகும். எங்கள் பையரின் வழக்கில் வாரக்கணக்கில் அசைவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை வழக்கு நிறுத்திவைப்பு என்ற உத்தரவு வந்து நாளாகியிருந்தது. தளம் தாமதமாகத்தான் காட்டியது. பக்கத்தின் மேலே கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று ஒரு தேதி இருக்கும், அதைப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். இரண்டாவது, போனில் பார்க்கத் தோதாக இல்லை. நீள டாக்கெட்டில் விரல் வைத்துத் தள்ளித் தள்ளிக் கை வலிக்கும். மூன்றாவது, சுருக்கெழுத்து மொழி. ஒவ்வொரு பதிவும் ஒரு வக்கீல் குமாஸ்தா இன்னொரு வக்கீல் குமாஸ்தாவுக்கு எழுதியது மாதிரி இருக்கும். எந்த உத்தரவு முக்கியம், எது சும்மா தேதி மாற்றம் என்று பிரித்துப் பார்க்கப் பழக நாளாகும். பெயரில் தேடினால் அதே பெயரில் உள்ள திவால் வழக்கும் சிறைக் கைதி மனுவும் சேர்ந்து கொட்டும், கோர்ட்டைத் தேர்ந்தெடுத்து வடிகட்டவேண்டும்.

அலர்ட் வசதி நன்றாக வேலை செய்கிறது. ஒரு வழக்கில் புதுசாக ஏதாவது வந்தால் மெயில் வரும். இலவசக் கணக்கில் சில வழக்குகளுக்குத்தான் இது, அதிகம் வேண்டுமென்றால் உறுப்பினராகக் காசு கட்டவேண்டும்.

வரி தவிர வேறு எதற்கும் பயன்படுமா என்றால், எங்கள் தெருவில் பயன்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா சி.எம்.சி.யில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர், தெருவே சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். மகளும் மருமகனும் டெக்சாஸில், இருவரும் எச்-1பி வேலை விசாவில், மகள் முழுகாமல் இருந்தாள். அமெரிக்காவில் பிறந்தாலே குடியுரிமை என்பதை மாற்றி டிரம்ப் பதவியேற்ற 2025 ஜனவரி 20 அன்றே உத்தரவு போட்டிருந்தார். ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் காசா (CASA என்ற அமெரிக்கக் குடியேறிகள் அமைப்பு) வழக்கில், ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதற்கும் தடை போடுவது சரியில்லை என்று 6க்கு 3 தீர்ப்பு சொன்னது. அன்றிரவு வாட்சப்பில் 'குடியுரிமை போச்சு' என்று ஒரு வீடியோ சுற்றியது. "தம்பி, நீதான் அந்தக் கோர்ட்டு எல்லாம் பாக்குறியே, இது நெஜமா?" என்று கேட்டார். அந்தத் தீர்ப்பு குடியுரிமை உத்தரவு சரியா தப்பா என்பதைத் தொடவே இல்லை, தடையை எவ்வளவு அகலமாகப் போடலாம் என்பதைத்தான் பேசியது என்று காட்டினேன். ஜூலை 10ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷையரில் நீதிபதி ஜோசப் லாப்லான்ட், பாதிக்கப்படும் குழந்தைகள் எல்லோரையும் ஒரே வகுப்பாகச் சேர்த்து மறுபடி தடை போட்டார். அந்த உத்தரவையும் அதே மாதிரி தேடி எடுத்துக் கொடுத்தேன். சிஸ்டருக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும், ஆனால் எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. வதந்தி ஓடுகிற வேகத்துக்கு முன்னால் கோர்ட்டு எழுதிய காகிதத்தைக் கையில் கொடுக்க முடிகிறதே, அந்த ஒரு விஷயத்துக்கே நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். போனில் ஒழுங்காகத் திறந்தால் நாலரை.

யார் பயன்படுத்தலாம் என்று கேட்டால், அமெரிக்கப் பையரோடு நேராக வியாபாரம் செய்கிற எந்தக் கம்பெனியும் தன் கன்சைனி பெயரை ஒரு முறையாவது இதில் போட்டுப் பார்க்கவேண்டும். வரி வழக்குக்காக மட்டும் இல்லை. அவர் திவாலாகிறாரா என்பதும் இதே பெட்டியில்தான் தெரியும். பையர் சாப்டர் 11 என்ற திவால் நடவடிக்கைக்குப் போனது தெரியாமல் இன்னொரு கண்டெய்னர் ஏற்றிவிட்ட கதைகள் நம் பக்கத்தில் எத்தனையோ. விசா வழக்கு, சொந்த வழக்கு என்று எதற்காவது முடிவெடுக்க இதை நம்பவேண்டாம், அதற்கு வக்கீல் இருக்கிறார்.

உறுப்பினர் கட்டணத்தைக் கம்பெனிக் கணக்கில் கட்டலாம் என்று பாய் போன மாதம் ஒத்துக்கொண்டார். 122ஆம் பிரிவின் 150 நாள் முடிவதற்குள் எங்கள் அமெரிக்கப் பையர்கள் எல்லோருக்கும் அலர்ட் போட்டு வைக்கவேண்டும் என்பது அவர் உத்தரவு. கன்சைனி பெயர்களைப் பழைய பில் ஆஃப் லேடிங் ஃபைல்களிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் இரண்டு பீரோ பாக்கி.